பழைய வளையம்

அம்பாசிடர் கார் உற்பத்தி 2014-ஆம் ஆண்டோடு நின்றுபோயிற்று. எம்மிடமுள்ளதோ அதற்கும் பல்லாண்டு மூத்த வண்டி, 1489 சி.சி. பெட்ரோல் எஞ்சின். அதன் எண்ணெய் வடிகட்டி, இன்றைய கார்களிற்போலத் திருகிக் கழற்றி எறியும் டப்பா அன்று. இரும்புக் கிண்ணம், உள்ளே மாற்றத்தக்க வடிதாள், நடுவே நீண்ட போல்ட், மேலே பள்ளத்தில் ஒரு ரப்பர் வளையம்.

அவ்வளையத்தில்தான் நாம் தவறினோம். பழையது கறுத்து இறுகி, பள்ளத்தோடு பள்ளமாய்க் கிடந்தது. அதை அறியாமல் புதியதை அதன்மேலேயே பொருத்திவிட்டோம். சில கல் தொலைவு செல்வதற்குள் சாலையில் எண்ணெய் கோடிழுத்தது. எஞ்சினை உடனே நிறுத்தியதால் பேரிங்குகள் பிழைத்தன. அன்றுமுதல், ஊசியால் பள்ளத்தைக் கிளறிப் பழைய வளையத்தைக் கண்ணால் கண்ட பின்னரே கிண்ணத்தை மாட்டினோம்.

பின்னர், இணைப்புத் துண்டொன்றை வைத்துத் திருகு டப்பாவுக்கே மாறினோம். பழமை கெடுகிறதென்று வருந்தியவர் உண்டு. எமக்கு எஞ்சினே பெரிது. ஆனால், நின்றபின் எண்ணெய் வடிந்துவிடாமல் காக்கும் தடுப்பிதழ் உள்ள டப்பாவாகப் பார்த்து வாங்கவேண்டும். இல்லையேல் காலையில் எஞ்சின் சில நொடிகள் எண்ணெயின்றிச் சுழலும். டப்பாவையும் காலத்தில் மாற்றவேண்டும். தாள் அடைத்துக்கொண்டால் மாற்றுவழி திறந்து, வடிகட்டாத எண்ணெயே பேரிங்குக்குப் போகும்; வெளியே ஏதும் தெரியாது.

பழைய கிண்ணத்தைத் துடைத்துப் பெட்டியில் வைத்திருக்கிறோம், போல்ட்டோடு.