காலு யாருக்கு?

பார்பெக்யூ என்றதும் ஏதோ அமெரிக்காக்காரன் கொல்லைப்புற சமாச்சாரம் என்று நினைக்கிறோம். தூத்துக்குடிக்காரர்கள் அப்படி நினைக்கவே கூடாது. அதற்கு வேண்டிய முக்கியமான சாமான் ரெண்டும் நம்ம ஊர் வாசலிலேயே கிடக்கிறது.

ஒன்று, கரி. விளாத்திகுளம் பக்கம் போனால் சீமைக் கருவேலத்தை வெட்டி அடுக்கி, மண் பூசி, காற்றைக் குறைத்து நாள்கணக்கில் புகைய விடுவார்கள். கரிமூட்டம். தண்ணியை உறிஞ்சுது, நிலத்தைக் கெடுக்குது என்று நீதிமன்றம் வரை போய் நாம் திட்டுகிற இந்த மரம், 1877-ல் ஜமைக்காவிலிருந்து விதையாக இந்தியாவுக்கு வந்தது. டெக்சாஸில் இதன் பங்காளிக்கு 'மெஸ்கீட்' என்று பெயர். கறி சுட அங்கே அதற்குத் தனி மவுசு! 'பார்பெக்யூ' என்ற சொல்லும் கரீபியன் தீவுகளில் பிறந்ததுதான். ஆக, மரமும் சொல்லும் ஒரே ஏரியா.

ரெண்டாவது, உப்பு. குஜராத்துக்கு அடுத்தபடியாக அதிக உப்பு விளைவது தமிழ்நாட்டில். அதில் பெரும் பங்கு தூத்துக்குடிக்கு. நாம் மே மாத வெயிலைத் திட்டிக்கொண்டு ஃபேன் அடியில் கிடக்கும்போது, விடியறதுக்கு முன்னாடியே பாத்தியில் இறங்கியிருப்பார்கள் உப்பளத்துப் பெண்கள். அந்த வெயில்தான் உப்பு.

எல்லாம் இருந்தும் முழுக்கோழி மட்டும் நம் வீடுகளில் கிடையாது. காரணம் ருசி இல்லை, கணக்கு. பி.காம். படித்தவன் என்பதால் சொல்கிறேன், குழம்பு என்பது ஒரு அபாரமான பட்ஜெட். ஒரு கோழியை இருபது துண்டாக்கி, தேங்காய் அரைத்து ஊற்றினால் பத்துப் பேர் சாப்பிடலாம். யாருக்கு எது வந்தது என்று யாருக்கும் தெரியாது. அப்பாவுக்குக் காலு, பிள்ளைகளுக்கு நெஞ்சு, ஈரல். கரண்டி பிடித்த அம்மாவுக்கு? "எனக்குக் கழுத்துதான்டா புடிக்கும்."

முழுக்கோழியில் இந்த மறைப்பு வேலை நடக்காது. ரெண்டே காலு. எல்லார் கண்ணுக்கும் தெரியும்.

செய்முறை சுலபம். கடையில், "தோலை உரிக்காதீங்கண்ணே, முதுகெலும்பை மட்டும் எடுத்துட்டு விரிச்சுக் கொடுங்க" என்று சொல்லுங்கள். தோல் இருந்தால்தான் கறி வறளாது. ஒன்றேகால் கிலோ கோழிக்கு மூன்று டீஸ்பூன் தூள் உப்பு, மிளகு, பூண்டு, எலுமிச்சை, கொஞ்சம் எண்ணெய். தடவி ராத்திரி முழுக்க ஃபிரிட்ஜில் வையுங்கள். மறுநாள் மொட்டை மாடியில் செங்கல் அடுக்கி, மேலே கம்பி வலை. மூடின அறைக்குள் மட்டும் கரி வேண்டவே வேண்டாம். கரி நீறு பூத்ததும் ஒரு பக்கமாக ஒதுக்குங்கள். கோழி மறு பக்கம். நெருப்புக்கு நேர் மேலே வைத்தால் வெளியே கருகும், உள்ளே ரத்தம் நிற்கும். மேலே ஒரு அண்டாவைக் கவிழ்த்து, காற்றுக்கு ஓரத்தில் கல் கொடுங்கள். சுமார் ஒரு மணி நேரம். தொடையின் தடித்த இடம் 74 டிகிரி செல்சியஸைத் தொட வேண்டும். இறக்கிப் பத்து நிமிஷம் சும்மா விட்டு, அப்புறம் வெட்டுங்கள்.

போன கோடையில் எங்கள் மொட்டை மாடியில் தம்பி வெட்டினான். முதல் காலை அம்மா தட்டில் வைத்தான்.

"எனக்கு எதுக்குலே இது? பேரனுக்குக் குடு."

"அவனுக்கு இன்னொண்ணு இருக்கும்மா."

அம்மா அதைக் கொஞ்ச நேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அப்புறம் சாப்பிட ஆரம்பித்தாள். நிதானமாக, எலும்பு வெள்ளையாகத் தெரிகிற வரைக்கும்.

கழுத்து எங்கே என்று கேட்கவே இல்லை.