தறி வீட்டுப் பெண்ணும் இன்ஜினீயரிங் சீட்டும்: காஞ்சிபுரத்தில் கதவு திறந்தாச்சு... அப்புறம்?

காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் தறி ஓடும் வீட்டுக்குள் நுழைந்தால், முதலில் காதில் விழுவது நாடா ஓடும் சத்தம். அண்ணாந்து பார்த்தால், தறிக்கு மேலே வரிசையாகக் கோத்துத் தொங்கும் ஜக்கார்டு அட்டைகள். ஒவ்வோர் அட்டையிலும் ஓட்டைகள். ஓட்டை இருக்கும் இடத்தில் பாவு இழை மேலே எழும், இல்லாத இடத்தில் எழாது. புடவை முந்தானையில் மயிலும் அன்னமும் வந்து உட்காருவது இந்தக் கணக்கில்தான்.

ஓட்டை உண்டு, ஓட்டை இல்லை. கம்ப்யூட்டர் படிப்பவர்கள் இதையே ஒன்று, பூஜ்யம் என்பார்கள். பிரான்ஸ் நாட்டு ஜக்கார்டு 1804-ல் கொண்டுவந்த இந்த அட்டை முறையைத்தான் சார்லஸ் பாபேஜ் தன் கணக்கிடும் இயந்திரத்துக்கு எடுத்துக்கொண்டார். அந்த இயந்திரம் பற்றி 1843-ல் புகழ்பெற்ற குறிப்புகளை எழுதியவர் ஏடா லவ்லேஸ் என்ற பெண்மணி.

அப்படிப் பார்த்தால், காஞ்சிபுரத்துத் தறி வீட்டுப் பிள்ளைகளுக்கு இன்ஜினீயரிங் ஒன்றும் புதிதில்லை. தொட்டிலில் கிடக்கும்போதே அந்தச் சத்தத்தைக் கேட்டு வளர்ந்தவர்கள். ஆனால், இன்ஜினீயரிங் கல்லூரி மட்டும் அவர்களுக்கு நெடுங்காலம் எட்டாத இடமாகவே இருந்தது.

அந்தப் பக்கம் உட்கார்ந்தது யார்?

காஞ்சிப் பட்டின் பெருமை கோர்வை. உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். இரண்டையும் பிரிக்க முடியாதபடி இழையோடு இழை கோத்து நெய்வார்கள். இதற்கு மூன்று நாடா வேண்டும். நெசவாளர் ஒருவரால் மூன்றையும் சமாளிக்க முடியாது. கரை நாடாவைத் தள்ள, பக்கத்தில் இன்னொருவர் உட்கார வேண்டும்.

அந்த இன்னொருவர் பல வீடுகளில் ஒரு குழந்தையாக இருந்தது. முன்பணம் வாங்கிய கடனுக்காகப் பிள்ளைகள் தறியில் கட்டுண்டு கிடந்ததை, 2003-ல் வெளியான ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் அறிக்கை பதிவு செய்திருக்கிறது. ஆண் பிள்ளை, பெண் பிள்ளை என்ற வித்தியாசம் அங்கே இல்லை. பெண்களின் வேலை அதோடும் முடியவில்லை. தார் சுற்றுவது, நூல் இழைப்பது, அறுந்த இழையை முடிவது எல்லாம் வீட்டுப் பெண்கள்தான். ஆனால், நெசவாளர் என்ற பெயரும் கூலிக் கணக்கும் பெரும்பாலும் ஆண் பெயரில்.

பிள்ளைகள் தறியைவிட்டுப் பள்ளிக்கூடம் போனார்கள். அது பெரிய வெற்றி. அதன் மறுபக்கமாக, கோர்வைக்குக் கை கிடைக்காமல் தறிகள் திண்டாடுகின்றன. தறியைவிட்டு எழுந்த பிள்ளை எங்கே போய்ச் சேர்ந்தது என்பதுதான் இன்றைய கேள்வி.

ஒவ்வொன்றாகத் திறந்த கதவுகள்

2007-ல் தமிழ்நாட்டில் இன்ஜினீயரிங் நுழைவுத்தேர்வு போனது. கோச்சிங் சென்டருக்குப் பணம் கட்ட முடியாத வீட்டுப் பிள்ளையும் +2 மதிப்பெண்ணை வைத்தே கவுன்சலிங்கில் நிற்கலாம் என்றானது. 2010-ல் முதல் பட்டதாரி கல்விக் கட்டணச் சலுகை வந்தது. அதே ஆண்டு அண்ணா பல்கலைக்கழகம் சிவில், மெக்கானிக்கல் பாடங்களைத் தமிழ் வழியிலும் தொடங்கியது. 2021-ல் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 சதவீத இட ஒதுக்கீடு இன்ஜினீயரிங்குக்கும் வந்தது. 2022-ல் புதுமைப் பெண் திட்டம், மாதம் 1,000 ரூபாய்.

அந்தப் பல்கலைக்கழகம் யார் பெயரைத் தாங்கியிருக்கிறது? 1909-ல் இதே காஞ்சிபுரத்தில் ஒரு நெசவாளர் குடும்பத்தில் பிறந்த அண்ணாவின் பெயரைத்தான்.

இப்போது அடைப்பு எங்கே?

காஞ்சிபுரத்திலிருந்து பஸ் ஏறினால் ஒரு மணி நேரத்துக்குள் சுங்குவார்சத்திரம், ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம். 1990-களின் இறுதியில் இருங்காட்டுக்கோட்டைக்கு ஹூண்டாய் வந்தது முதல் இந்த வட்டாரமே தொழிற்சாலை மயம். கார், லாரி, டயர், டிவி, செல்போன் எல்லாம் இங்கே தயாராகின்றன.

பெண்களும் வேலைக்கு வந்துவிட்டார்கள். 2019-20 ஆண்டுக்கான தொழிற்சாலைக் கணக்கெடுப்பின்படி, இந்தியத் தொழிற்சாலைகளில் வேலை செய்யும் பெண்களில் சுமார் 43 சதவீதம் பேர் தமிழ்நாட்டில் இருக்கிறார்கள். 2024 ஆகஸ்ட்டில் வல்லம் வடகாலில், பெண் தொழிலாளர்களுக்காக 706.50 கோடி ரூபாயில் 18,720 பேர் தங்கும் விடுதியை முதல்வர் திறந்து வைத்தார்.

அந்தச் சம்பளம் சாதாரணமானதல்ல. எத்தனையோ வீடுகளில் அது அப்பாவின் கடனை அடைத்திருக்கிறது, தம்பியின் ஃபீஸைக் கட்டியிருக்கிறது, கல்யாணத்தைத் தள்ளிப்போட்டிருக்கிறது. ஆனால், அதில் பெரும்பகுதி லைனில் நின்று பாகங்களைப் பொருத்தும் வேலை. லைனை வடிவமைப்பது, ரோபோ நின்றுபோனால் சரிசெய்வது, அச்சு வார்ப்பது, கன்ட்ரோல் புரோகிராம் எழுதுவது போன்ற இடங்களில் பெண்கள் குறைவு. இந்தியா முழுக்க இன்ஜினீயரிங் படிப்பவர்களில் பெண்கள் பத்துக்கு மூன்று பேர்தான். அவர்களும் கம்ப்யூட்டர் சயின்ஸ், எலெக்ட்ரானிக்ஸ் பக்கம்தான் அதிகம்.

"மெக்கானிக்கலா? பொம்பளப் புள்ள கிரீஸும் கையுமா நிக்கவா?" என்ற கேள்வி இன்னும் வீடுகளில் கேட்கப்படுகிறது. கேட்கிற அம்மா, தானே பத்து வயதில் தறியில் கால் மரத்துப்போக உட்கார்ந்தவராக இருக்கக்கூடும். மகளுக்கு அந்தக் கஷ்டம் வேண்டாம் என்ற பாசம்தான் அதில் இருக்கிறது. ஆனால், இன்றைய மெக்கானிக்கலில் பாதி வேலை கம்ப்யூட்டர் திரையில்தான் நடக்கிறது என்று அவருக்கு எடுத்துச் சொல்ல ஆள் இல்லை.

இன்னொரு பக்கம், திறமையான ஆள் கிடைக்கவில்லை என்கின்றன கம்பெனிகள். படித்தோம், வேலை கிடைக்கவில்லை என்கிறார்கள் பட்டதாரிகள். இரண்டுமே உண்மை. பாடத்தை மனப்பாடம் செய்து பாஸானவருக்கும் மெஷின் முன்னால் நிற்கத் தெரிந்தவருக்கும் நடுவில் உள்ள இடைவெளி அது. 2022-ல் தொடங்கிய 'நான் முதல்வன்' திட்டமும், டாடா டெக்னாலஜிஸுடன் சேர்ந்து சுமார் 2,877 கோடி ரூபாயில் 71 அரசு ஐ.டி.ஐ-களை நவீனப்படுத்திய திட்டமும் இந்த இடைவெளியைக் குறைக்க வந்தவைதான். ஆனால், அந்த மெஷின்களுக்கு முன்னால் பெண் பிள்ளைகள் போய் நின்றால்தானே அவர்களுக்குப் பயன்?

லலிதாவுக்குக் கிடைத்த துணை

இங்கே ஒரு பழைய கதையைச் சொல்ல வேண்டும். சென்னையில் 1919-ல் பிறந்த ஏ.லலிதாவுக்கு 15 வயதில் கல்யாணம். 18 வயதில் கணவரை இழந்தபோது, கையில் நான்கு மாதக் குழந்தை. விதவைப் பெண் வீட்டுக்குள் முடங்க வேண்டிய காலம் அது. லலிதா ராணி மேரி கல்லூரியில் இன்டர்மீடியட் முடித்தார். கிண்டி பொறியியல் கல்லூரியில் பேராசிரியராக இருந்த அப்பா, அங்கேயே மகளைச் சேர்க்க முயன்றார். முதல்வர் கே.சி.சாக்கோ சம்மதித்தார். 1940-ல் நூற்றுக்கணக்கான ஆண்களுக்கு நடுவே ஒரே ஒரு மாணவி.

அனுமதி கொடுத்ததோடு கல்லூரி கடமை முடிந்தது என்று இருந்துவிடவில்லை. லலிதாவுக்குத் துணை வேண்டும் என்று, பெண்களையும் சேர்த்துக்கொள்வதாக விளம்பரம் செய்தது. லீலம்மா ஜார்ஜ், பி.கே.த்ரேசியா இருவரும் சிவில் படிக்க வந்து சேர்ந்தார்கள். லலிதாவின் சான்றிதழில் அச்சாகியிருந்த 'அவன்' என்ற பொருள்படும் ஆங்கிலச் சொல்லை அடித்துவிட்டு, 'அவள்' என்று திருத்திக் கொடுத்தார்கள். லலிதா பிறகு பக்ரா நங்கல் அணையின் மின்தடப் பணிகளில் பங்கேற்றார். த்ரேசியா கேரளப் பொதுப்பணித் துறையின் தலைமைப் பொறியாளர் ஆனார்.

சீட் கிடைப்பது ஒன்று, அந்த வகுப்பில் தனியாக உட்காராமல் இருப்பது இன்னொன்று. அறுபது பேர் வகுப்பில் இரண்டே பெண்கள் என்றால், லேபில் மெஷினைத் தொடுவது பையன்கள், ரெக்கார்டு எழுதுவது பெண்கள் என்று தானாகவே பிரிந்துவிடும். நான்கு வருடம் ரெக்கார்டு எழுதிய பெண், இன்டர்வியூவில் மெஷினைப் பற்றிக் கேட்டால் தடுமாறத்தான் செய்வார். ஐ.ஐ.டி-கள் 2018 முதல் பெண்களுக்கெனக் கூடுதல் இடங்களை உருவாக்கியதன் நியாயம் இதுதான்.

வீட்டில் பெண் பிள்ளை இருக்கிறாளா?

* 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்திருந்தால், கவுன்சலிங்கில் 7.5 சதவீத ஒதுக்கீட்டை மறக்காதீர்கள். அதில் சேருபவர்களின் கட்டணத்தை அரசே ஏற்கிறது.

* குடும்பத்தில் முதல் பட்டதாரி என்றால், சான்றிதழுக்கு இ-சேவை மையத்தில் முன்கூட்டியே விண்ணப்பியுங்கள்.

* ஏ.ஐ.சி.டி.இ-யின் 'பிரகதி' உதவித்தொகை ஆண்டுக்கு 50,000 ரூபாய். குடும்ப வருமானம் 8 லட்சத்துக்குள் இருக்க வேண்டும். டிப்ளமோ படிக்கும் பெண்களுக்கும் உண்டு.

* பத்தாவது முடித்து பாலிடெக்னிக் போனாலும் பாதை அடைபடாது. டிப்ளமோ முடித்தவர்கள் பி.இ இரண்டாம் ஆண்டில் நேரடியாகச் சேரலாம்.

* கல்லூரியைத் தேர்ந்தெடுக்கும் முன், லேபைப் பாருங்கள். அதைவிட முக்கியம், நீங்கள் கேட்கும் பிரிவில் எத்தனை பெண்கள் படிக்கிறார்கள் என்று விசாரியுங்கள். குறைவாக இருந்தால் பயந்து பின்வாங்க வேண்டாம். கூடப் படித்த தோழியையும் அதே பிரிவில் விண்ணப்பிக்கச் சொல்லுங்கள்.