வங்கி பார்த்தது உங்களுக்காக அல்ல

லண்டனில் முதல் வீடு வாங்கப் போகும் தம்பி, தங்கச்சிமாருக்கு எழுதுகிறேன். "வங்கியே ஆள் அனுப்பி வீட்டைப் பார்த்துவிட்டது, தனியாகச் சேர்வேயர் எதற்கு?" என்று பலரும் கேட்கிறார்கள். அந்த மதிப்பீடு, கொடுக்கும் கடனுக்கு வீடு ஈடாகுமா என்று வங்கி தனக்காகச் செய்துகொள்வது. கூரை ஒழுகுமா, சுவரில் ஈரம் ஏறுகிறதா என்று தேடுவது அதன் வேலை இல்லை.

அதைத் தேடுவது சேர்வேயரின் வேலை. ஆர்.ஐ.சி.எஸ். என்ற தொழில் அமைப்பின் சேர்வேயர்கள் மூன்று நிலைகளில் ஆய்வு செய்கிறார்கள்; நிலை கூடக் கூட ஆய்வும் விரிவாகும். அண்மையில் கட்டிய சாதாரண வீட்டுக்கு இரண்டாம் நிலை பெரும்பாலும் போதும். ஆனால் எங்கள் சனம் தேடிப் போவது ஈஸ்ட்ஹாம் பக்கத்து 100 வருடப் பழைய வீடுகளை. பின்னால் அறை நீட்டி, நடுச்சுவர் இடித்தவை. அவற்றுக்கு மூன்றாம் நிலைதான் வேண்டும் என்பேன். செலவு கூடத்தான். என்றாலும் லண்டன் களிமண் வறண்ட கோடையில் சுருங்கும், அத்திவாரம் இறங்கும். சுவர் வெடிப்பு அதனாலா, வெறும் பூச்சு வெடிப்பா என்று அனுபவமுள்ள கண்தான் சொல்லும்.

வீடு விற்கும் ஏஜென்ட் கைகாட்டும் ஆளை நான் எடுக்க மாட்டேன். ஏஜென்டுக்குக் கமிஷன் தருபவர் விற்பவர். நீங்கள் எடுக்கும் சேர்வேயர் அந்தப் பகுதி வீடுகளில் பழகியவரா என்று கேளுங்கள். மாதிரி அறிக்கை ஒன்றை வாங்கிப் படியுங்கள். "நிபுணரைக் கேட்கவும்" என்று பக்கத்துக்குப் பக்கம் நழுவினால் வேறு ஆளைப் பாருங்கள். அறிக்கை வந்தபின் போனில் விளக்குவாரா என்பதையும் காசு கட்டுமுன்பே கேளுங்கள்.

ஒப்பந்தம் கைமாறும் முன் இதெல்லாம் முடிய வேண்டும். அதன்பின் விலகினால் முற்பணம், வழக்கமாக விலையில் 10 சதவீதம், பறிபோகும்.