தீர்த்தமலை ஆப்: சில குறிப்புகள்

காலை ஏழு மணி. விசில் சத்தம். குப்பை எடுக்கும் பேட்டரி வண்டி இன்னும் தெரு முனைகூட திரும்பவில்லை. அதற்குள் வாசலில் வாளியோடு பெண்கள்.

குப்பை சேகரிப்புக்காக நான் செய்துகொண்டிருக்கும் ஆப்பின் முதல் திரை: 'வண்டி உங்கள் தெருவுக்கு வந்துகொண்டிருக்கிறது.'

தூய்மைக் காவலர் அக்கா திரையைப் பார்த்தார். "விசில் ஊதினா வந்துருவாங்க தம்பி. போனு பையன்கிட்ட இல்ல இருக்குது."

பையன் ஓசூரில்.

எண் அவனுடையது. ஓடிபி அவனுக்குத்தான் போகும். தீர்த்தமலையில் வண்டி வந்தால், ஓசூர் கம்பெனியில் ஷிப்டில் நிற்பவன் பையில் மணி அடிக்கும்.

வீட்டுக்குத்தான் அடையாளம் வேண்டும். போனுக்கு அல்ல.

கேரளத்தில் அப்படித்தான். ஹரிதமித்ரம். கெல்ட்ரான் செய்த ஆப். வீட்டு வாசலில் கியூஆர் அட்டை. ஹரித கர்ம சேனைப் பெண்கள் வந்து பிளாஸ்டிக்கை எடுத்துக்கொண்டு அட்டையை ஸ்கேன் செய்கிறார்கள். ஊராட்சி வீடுகளுக்கு மாதம் 50 ரூபாய் கட்டணம் வைத்தார்கள்.

அந்த ஸ்கேனுக்கு ஒரு போன் வேண்டும். யார் போன்? யார் ரீசார்ஜ்?

தமிழ்நாட்டில் தூய்மைக் காவலருக்கு மாதம் 3,600 ரூபாயாக இருந்தது. 2022-இல் 5,000 ஆக்குவதாக அறிவித்தார்கள். ரீசார்ஜ் அந்த ஐயாயிரத்திலிருந்து போகக் கூடாது. இதைத் திட்ட அறிக்கையின் முதல் வரியாக எழுத வேண்டும்.

கையுறை.

ரப்பர் கையுறையோடு தொட்டால் திரை அசையவே இல்லை. கழற்றினால் அழுக்குக் கை. ஒவ்வொரு வீட்டிலும் கழற்றி மாட்ட முடியாது. சும்மாவே வெயிலில் கை ஊறிப்போகிறது.

வால்யூம் பட்டன் அழுத்தினால் ஸ்கேன். அது கையுறைக்கும் அழுந்தும். முடிந்ததும் ஒரு 'டிங்'. திரையைப் பார்க்கவே வேண்டாம்.

கதவு எண். பழையது ஒன்று, புதியது ஒன்று, கரண்ட் பில்லில் வேறொன்று.

அக்காவிடம் வீடுகளின் பெயர் கேட்டேன். "டீச்சர் வீடு. புளியமரத்து வீடு. மேல ரெண்டு வீடு, ஒண்ணு பூட்டிக் கெடக்குது. அப்பறம் நாய் வீடு."

நாய் வீடு என்பதற்கு ஒரு படம் வேண்டும். புதிதாக வேலைக்கு வருபவருக்கு அது முக்கியம்.

வீட்டுப் பெயரை அவர் குரலிலேயே பதிந்துவிடலாம். தட்டச்சு வேண்டாம்.

மலையின் மறுபக்கம் சிக்னல் விட்டு விட்டு வருகிறது. பதிவுகள் போனிலேயே தங்க வேண்டும். சிக்னல் கிடைத்ததும் போய்ச் சேரட்டும்.

அப்போது எந்த நேரத்தை எழுதுவது? போன் கடிகாரமா, சர்வர் கடிகாரமா? ஏழு மணிக்கு எடுத்தது பதினொன்றுக்கு எடுத்ததாகப் பதிவானால் பேச்சு வாங்குவது அக்கா.

இரண்டு நேரமும் வேண்டும். அறிக்கையில் போன் நேரம் மட்டும்.

2016-இன் திடக்கழிவு மேலாண்மை விதிகள் குப்பையை மூன்றாகப் பிரித்திருந்தன. மக்கும் குப்பை, மக்காத குப்பை, வீட்டு அபாயக் கழிவு. மூன்று பட்டன்.

மக்கும் பட்டனுக்கு இங்கே வேலை குறைவு. கழுநீர் மாட்டுக்கு. காய்த்தோல் ஆட்டுக்கு. சாணம், சாம்பல், கூளம் எருக்குழிக்கு. மழைக்கு முன் டிராக்டர் வைத்து வயலுக்கு அடிக்கிறார்கள்.

நான் பார்த்த நகரத்து ஆப்புகளில் எருக்குழிக்குக் கட்டமே இல்லை. 'இந்த வீட்டிலிருந்து மக்கும் குப்பை வரவில்லை' என்று சிவப்பில் காட்டும். இங்கே அதைப் பச்சையில் காட்ட வேண்டும்.

எருக்குழி ஓரத்தில் ஷாம்பு சாஷே. எருவோடு அதுவும் வயலுக்குப் போகிறது. கடலைச் செடி பிடுங்கும்போது வேரோடு ஒன்று வந்தது. மண்ணைத் துடைத்தால் விலை படிக்க முடிகிறது.

பழைய இரும்புக்காரர். டிவிஎஸ் எக்ஸெல். முன்னால் ஸ்பீக்கர், பின்னால் இரண்டு பக்கமும் சாக்கு.

எங்காவது விசேஷம் முடிந்தால் மறுநாள் காலை வந்துவிடுகிறார். யாரும் சொல்வதில்லை. முந்தின நாள் மைக்செட் எந்தப் பக்கம் பாடியது என்பது போதும் அவருக்கு.

அரூர்க் கடைகளின் அன்றைய விலையை ஆப்பில் போடலாமா என்று கேட்டேன். அவர் சாக்கைக் கட்டிக்கொண்டே சொன்னார்: "வெலயப் போட்டுட்டா எனக்கு என்ன நிக்கும்? பெட்ரோல் யாரு போடுவா?"

நியாயமான கேள்வி. விலைப் பக்கம் நிற்கட்டும். அவருக்குக் கிடைக்க வேண்டியதை முதலில் பேச வேண்டும்.

சென்னையில் 'கபாடிவாலா கனெக்ட்' என்று ஒரு நிறுவனம். புதிதாக லாரி வாங்கி வேலையைத் தொடங்கவில்லை. ஏற்கெனவே இருக்கும் பழைய பேப்பர் கடைகளைத் தேடிப் போய் வரைபடத்தில் ஏற்றினார்கள்.

இங்கே கடை நகர்கிறது. எக்ஸெல்லில்.

அவர் வாங்குவது: இரும்பு, அட்டை, தண்ணீர் பாட்டில், உடைந்த குடம், பேட்டரி. பால் கவர் சேர்த்துக் கொடுத்தால் எடுப்பார்.

வாங்காதது: பிஸ்கட் உறை, சிப்ஸ் உறை. உள்பக்கம் வெள்ளியாக மின்னுவது. பிளாஸ்டிக்கும் உலோகப் பூச்சும் அடுக்கடுக்காக ஒட்டியிருக்கும். எளிதில் பிரித்தெடுக்க முடியாது. தராசில் வைத்தால் முள் அசைவதில்லை.

சிமென்ட் ஆலைகள் எரிபொருளாக எடுத்துக்கொள்ளும். அரியலூர் எங்கே, தீர்த்தமலை எங்கே. லாரி வாடகை யார் கொடுப்பார்?

இன்னொரு வழி, சாலை. மதுரை தியாகராஜர் பொறியியல் கல்லூரி, ராஜகோபாலன் வாசுதேவன். வேதியியல் பேராசிரியர். பிளாஸ்டிக்கைத் துண்டு துண்டாக்கி, சூடான ஜல்லி மேல் தூவினால் உருகிப் போர்த்திக்கொள்ளும். அதற்கு மேல் தார். 2002-இல் கல்லூரி வளாகத்துக்குள் போட்டுப் பார்த்த சாலை. 2018-இல் பத்மஸ்ரீ.

இங்கே தார் போட வரும் ஒப்பந்ததாரரும் குப்பை பிரிக்கும் அக்காவும் ஒருவரையொருவர் பார்த்ததே இல்லை. ஆப்பில் ஒப்பந்ததாரருக்கும் ஒரு உள்நுழைவு கொடுத்தால்?

மலை மேல் ராமர் தீர்த்தம். பாறையிலிருந்து விழுகிறது. அடியில் நின்று குளிக்கிறார்கள். காலியான தண்ணீர் பாட்டிலில் பிடித்து மூடிக்கொள்கிறார்கள்.

அந்த பாட்டில் பூஜை அலமாரிக்குப் போகிறது. வருடக்கணக்கில் இருக்கும். அதைக் குப்பைக் கணக்கில் எழுத எனக்கு மனம் வரவில்லை.

குரங்குகள் பளபளக்கும் பாக்கெட்டைக் குறிவைத்துப் பிடுங்குகின்றன. தின்றுவிட்டு உறையைச் சரிவில் விடுகின்றன. ஆள் இறங்க முடியாத சரிவு.

டாஸ்மாக் பாட்டில். ஆப் கிடையாது. ஒரு ஸ்டிக்கர், பத்து ரூபாய். காட்டில் உடைந்த கண்ணாடி யானைகளின் காலைக் கிழித்தது. சென்னை உயர் நீதிமன்றம் வலியுறுத்த, 2022-இல் நீலகிரியில் தொடங்கினார்கள். வாங்கும்போது பத்து ரூபாய் கூட, காலி பாட்டிலைக் கொடுத்தால் திரும்பக் கைக்கு. பெரும்பாலான பாட்டில்கள் திரும்பி வந்தன. பிறகு மற்ற மாவட்டங்கள். இந்த ஊர் இருக்கும் தருமபுரியும் அதில் உண்டு.

மலையடிவாரக் கடையில் தண்ணீர் பாட்டிலுக்கும் இப்படி ஒரு ஸ்டிக்கர் ஒட்டலாம். கோயில் நிர்வாகத்திடம் கேட்க வேண்டும். ஆடிப்பெருக்குக்கு முன்பே.

2024 டிசம்பர், ஃபெஞ்சல் புயல். ஒரே நாளில் ஊத்தங்கரையில் 50 சென்டிமீட்டர், அரூரில் 33. தென்பெண்ணை வடிந்த பிறகு கரையோர மரங்களில் பைகள் தொங்கின. எல்லாம் ஒரே மட்டத்தில். தண்ணீர் எவ்வளவு உயரம் வந்தது என்று அளவுகோல் இல்லாமலே தெரிந்தது.

ஒருமுறை மட்டும் பயன்படும் பிளாஸ்டிக் பைக்குத் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை.

பிளே ஸ்டோர் விதி: புதிதாகத் தனிநபர் கணக்கு தொடங்கியவர் ஆப்பை வெளியிடுமுன் 12 பேர், 14 நாள், விடாமல் சோதிக்க வேண்டும். முதலில் 20 பேர் என்று வைத்திருந்தார்கள்.

அந்த 12 பேர் யார்? ஊரில் ஜிமெயில் பாஸ்வேர்டு நினைவில் வைத்திருப்பவர்கள் பத்தாவது, பன்னிரண்டாவது படிக்கும் பிள்ளைகள். வாளியை வாசலில் வைப்பது அவர்களுடைய அம்மாக்கள்.

புகார் பக்கம். நான் பார்த்த மாதிரிகளில் பணியாளர் பெயரும் படமும் மேலேயே வருகின்றன. எடுத்துவிட்டேன். தெருவும் தேதியும் போதும்.

எதிர்ப்பக்கமும் ஒரு புகார் வேண்டும். வண்டியிலிருந்து வீட்டுக்கு. "சக்கர ஊசிய அப்படியே போட்டுடறாங்க தம்பி. கையுறைக்குள்ள குத்திருது."

இன்சுலின் ஊசி. இப்போது தெருவுக்கு நாலைந்து வீட்டில் இருக்கிறது.

நாப்கின், டயப்பர். வண்டியில் போடப் பெண்கள் கூசுகிறார்கள், தெருவே பார்க்கிறது. பின்கட்டில் எரிக்கிறார்கள். டயப்பர் எரிவதில்லை. மழை பெய்தால் உள்ளே இருக்கும் ஜெல் உப்பி வெளியே வருகிறது.

அபாயக் கழிவு பட்டன் அழகாக வந்திருக்கிறது. அழுத்தினால் எங்கே போகும்?

ஊராட்சி அலுவலகத்தில் கேட்க: வீட்டு ஊசியையும் நாப்கினையும் அரூர் அரசு மருத்துவமனைக் கழிவோடு சேர்த்து அனுப்ப முடியுமா? வாரம் ஒருமுறை, மூடிய டப்பாவில்.

பதில் வரும்வரை அந்த பட்டன் யாருக்கும் தெரியாது. மற்ற இரண்டோடு வெளியிடலாம்.