மூன்றாவது மனிதர்

உங்கள் கார் இன்ஷூரன்ஸ் பாலிசியை என்றாவது படித்துப் பார்த்திருக்கிறீர்களா? நான் படித்ததில்லை. டாஷ்போர்டில் ஆர்.சி. புத்தக ஜெராக்ஸ், பழைய பார்க்கிங் சீட்டு, விபூதிப் பொட்டலம் இவற்றோடு அதுபாட்டுக்குக் கிடந்தது. போலீஸ்காரர் கேட்டால் நீட்ட ஒரு காகிதம், அவ்வளவுதான். 2023ல் ஒரு நாய் குறுக்கே வந்த பிறகுதான் படித்தேன்.

ஊரிலிருந்து வந்திருந்த அக்காவுக்கு நங்கநல்லூரில் ஒரு ரிசப்ஷன். அவள் பையன், "மாமா, சாவி குடுங்க, ஒன்பது மணிக்குள்ள வந்துடறோம்" என்று என் பழைய மாருதியை எடுத்துக்கொண்டு போனான். நான் வீட்டில் டி.வி. பார்த்துக்கொண்டிருந்தேன் (இது முக்கியம், பிறகு வருகிறேன்). திரும்பும்போது தெருமுனையில் நாய். பையன் ஸ்டியரிங்கை ஒடித்ததில் கார் ஒரு வீட்டுக் காம்பவுண்ட் சுவரில் இடித்து நின்றது. நாய் ஓடிவிட்டது. பையனுக்கு உதட்டில் இரண்டு தையல். அக்காவுக்கு இடது மணிக்கட்டு முறிந்து, பிளேட் வைக்க வேண்டும் என்றார்கள். பட்டுப்புடவை கசங்கும் என்று பெல்ட் போடவில்லை அவள்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் பையன் மெல்லக் கேட்டான். "மாமா, வண்டிக்கு இன்ஷூரன்ஸ் இருக்குல்ல?"

"இருக்குடா" என்றேன், கம்பீரமாக.

இருந்தது. தர்டு பார்ட்டி. "பத்து வருஷத்து வண்டிக்கு ஃபுல் கவர் எதுக்கு சார், தண்டம்" என்று ஏஜென்ட் சொல்ல, சில ஆயிரம் மிச்சம் என்று எனக்கும் சந்தோஷம். முதல் பார்ட்டி நான், இரண்டாவது கம்பெனி, மூன்றாவது உலகத்தில் பாக்கி எல்லாரும் என்று நினைத்திருந்தேன். அப்படி இல்லை.

மோட்டார் வாகனச் சட்டத்தின் 146வது பிரிவு, இந்த பாலிசி இல்லாமல் வண்டியைத் தெருவில் இறக்கக் கூடாது என்கிறது. அது உங்களுக்காக அல்ல. உங்கள் வண்டியில் அடிபடப்போகும் முன்பின் தெரியாதவருக்காக. இடித்தவன் 'காசில்லை' என்று கைவிரித்தால் அவர் கதி என்ன என்ற கவலையில் வந்த நல்ல சட்டம். புதுக் காருக்கு 3 வருஷத்துக்கும் டூவீலருக்கு 5 வருஷத்துக்கும் இதைச் சேர்த்தே எடுக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது 2018ல். வழக்குப் போட்டவர் கோயமுத்தூர் எலும்பு மருத்துவர் எஸ். ராஜசேகரன். தினமும் ஒடிந்த எலும்புகளைப் பார்ப்பவருக்குத்தான் இது தோன்றும்.

இப்போது எங்கள் விபத்தின் பாத்திரங்களை ஒவ்வொருவராகப் பாருங்கள்.

சுவர். அடுத்தவர் சொத்து, சந்தேகமில்லாமல் மூன்றாவது பார்ட்டி. என் பாலிசியில் அதற்கு 7.5 லட்சம் வரை இடம் இருந்தது. சுவர்க்காரரோ, "கோர்ட்டு, தீர்ப்பாயம்னு எல்லாம் அலைய முடியாது சார். 12,000 குடுங்க, கொத்தனாரைக் கூப்பிட்டுக்கறேன்" என்று கையோடு வாங்கிக்கொண்டார். அகப்பட்ட ஒரே மூன்றாவது மனிதரும் பாலிசியை வேண்டாம் என்றுவிட்டார்.

பையன். இரவல் வண்டி ஓட்டுபவர் சொந்தக்காரரின் இடத்தில் நிற்பவர். தவறு யாருடையது என்று பார்க்காமல் தரும் இழப்பீட்டை அவர் தரப்பு அதே வண்டியின் பாலிசியில் கேட்க முடியாது என்று 2009ல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அந்த வழக்கில், இரவல் மோட்டார் சைக்கிளில் போனவர் முன்னால் சென்ற மாட்டுவண்டியில் மோதி இறந்துபோனார்.

நான். சொந்தக்காரருக்கென்று தனியாக விபத்து இன்ஷூரன்ஸ் உண்டு. காருக்கு வெறும் 2 லட்சமாக இருந்ததை 2018ல் 15 லட்சமாக உயர்த்தினார்கள். இறந்தால் முழுத்தொகை. இரண்டு கண்ணும் போனால் முழுசு, ஒரு கண் என்றால் பாதி. எலும்பு முறிந்தால் பூஜ்யம். ஆக, அன்றைக்கு அந்தக் காரின் பேரில் 15 லட்சத்துக்குப் பாதுகாக்கப்பட்டிருந்த ஒரே ஆள், வீட்டில் டி.வி. பார்த்துக்கொண்டிருந்தவன்.

கடைசியாக அக்கா. காசு கொடுக்காமல் காரில் வருபவர். சட்டம் கேட்கும் குறைந்தபட்ச பாலிசி இவரைச் சுமக்காது. ஸ்கூட்டரின் பின்சீட்டுக்காரர் வழக்கில் 2006ல் அப்படித்தான் தீர்ப்பு. 'பேக்கேஜ்' என்கிற முழு பாலிசியாக இருந்தால் காரில் உட்கார்ந்திருப்பவருக்கும் கம்பெனி பொறுப்பு என்று 2012ல் இன்னொரு தீர்ப்பு. நான் மிச்சம் பிடித்த சில ஆயிரம் அந்த இடத்தில்தான் போய் உட்கார்ந்திருந்தது.

வக்கீல் நண்பரிடம் போனேன். அவர் 164வது பிரிவைப் பிரித்தார். விபத்தில் யார் மேல் தப்பு என்று நிரூபிக்கவே வேண்டாம். இறந்தால் 5 லட்சம், கடுங்காயம் என்றால் 2.5 லட்சம். 2022 ஏப்ரல் முதல் அமலில் இருக்கிறது. எலும்பு முறிவு சட்டப்படி கடுங்காயம்தான். இந்த 'தப்பு யாருடையதானாலும்' என்ற தத்துவம் 1982லேயே சட்டத்துக்குள் வந்துவிட்டது. அப்போது ஓர் உயிருக்கு 15,000. டிரைவரின் கவனக்குறைவை நிரூபிக்க சாட்சி தேடி, புருஷனை இழந்தவர்கள் வருஷக்கணக்கில் கோர்ட் படி ஏறிக்கொண்டிருந்ததைப் பார்த்து வந்த இரக்கம்.

இதில் ஒரு கண்ணி உண்டு, கவனியுங்கள். 164ல் வருவதை வாங்கிக்கொண்டால், தீர்ப்பாயத்தில் அதிகம் கேட்டுப் போட்ட மனு காலாவதியாகிவிடும். நன்றாகச் சம்பாதித்துக்கொண்டிருந்த ஒருவர் இறந்தால் தீர்ப்பாயம் 5 லட்சத்தைப்போல் பல மடங்குகூடக் கொடுக்கலாம். துக்க வீட்டில் நீட்டப்படும் காகிதத்தில் அவசரப்பட்டுக் கையெழுத்துப் போடாதீர்கள்.

"அந்த ரெண்டரை லட்சத்தை யார் தரணும்?" என்றேன்.

"வண்டிச் சொந்தக்காரர், இல்லைன்னா இன்ஷூரன்ஸ் கம்பெனி. உங்க பாலிசியில கம்பெனி கழண்டுக்கும். பாக்கி யாரு?"

"நானா? நான் ஓட்டவே இல்லையே!"

"தப்பே கேக்கறதில்லைன்னு இப்பத்தானே சொன்னேன். உங்க அக்கா தாராளமா உங்க மேல கேஸ் போடலாம்."

ஆஸ்பத்திரி பில் 1,40,000. விபத்துக்குப் பின் முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்குத் தமிழக அரசின் 'இன்னுயிர் காப்போம்' திட்டம் 2021 டிசம்பரிலிருந்தே இருக்கிறது. பட்டியலில் உள்ள ஆஸ்பத்திரியா என்று கேட்க அந்தப் பதற்றத்தில் யாருக்கும் தோன்றவில்லை. 2025 மே மாதம் மத்திய அரசும் 7 நாளுக்கு 1.5 லட்சம் வரை பணம் கட்டாத சிகிச்சை என்று அறிவித்தது. எங்களுக்கு இரண்டு வருஷம் லேட். பில்லில் பாதி நான், பாதி அத்தான்.

வக்கீல் சொன்னதை அக்காவிடம் சொன்னேன். கட்டுப்போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு யோசித்தாள். "கேஸ் போட்டா வக்கீல் ஃபீஸ் யார் குடுப்பா? அதுவும் நீதான் குடுக்கணும். போடா."

அந்த வருஷ ரின்யூவலுக்கு அதே ஏஜென்ட் வந்தார். பேக்கேஜ் என்றேன், பயணிகளுக்கும் விபத்து கவர் சேர்க்கச் சொன்னேன். "பழைய வண்டி சார்..." என்று ஆரம்பித்தவர் என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

அக்கா இப்போதும் சென்னை வந்தால் என் காரில்தான் போகிறாள். முதலில் பெல்ட்டை மாட்டிக்கொள்கிறாள். பிறகு, "இன்னிக்கு நான் எத்தனாவது மனுஷிடா?" என்று கேட்டுவிட்டுத்தான் வண்டியை எடுக்க விடுகிறாள்.