சென்சாருக்கும் ரிங்குக்கும் நடுவில்

ஏபிஎஸ் லைட் எரிகிறதென்று வண்டி வந்தால் ஸ்கேனரைச் செருகு, எந்தச் சக்கரம் என்று பார், அந்தச் சென்சாரை மாற்று, பிழைக் கோடை அழித்து அனுப்பு. இதற்கு மெக்கானிக் எதற்கு, பார்ட் மாற்றத் தெரிந்தவன் போதாதா? இருங்காட்டுக்கோட்டையிலிருந்து ஒரகடம் வரை இந்தப் பேச்சு இப்போது சாதாரணமாகிவிட்டது. 1998இலிருந்து கார் செய்து உலகத்துக்கு அனுப்பும் ஒரு வட்டாரத்தில், ஓடித் தேய்ந்த காரைப் பழுது பார்ப்பவனின் வேலைக்கு இவ்வளவுதான் மதிப்பு என்பதை என்னால் ஏற்க முடியவில்லை. ஸ்கேனரில் சி0035 என்று வந்தால், இடது முன்சக்கரத்தின் வேகத் தகவல் சரியாக வரவில்லை என்றுதான் பொருள். ஏன் வரவில்லை என்று அது சொல்வதில்லை. வயர், கப்ளர், சென்சார், அது உட்காரும் இடம், எதிரே சுற்றும் பல் ரிங், ரிங்கைத் தாங்கும் பேரிங் என்று ஆறு இடங்களில் எங்கு கெட்டாலும் அதே கோடு வரலாம்.

பழைய இரண்டு வயர் காயில் சென்சாராக இருந்தால் மல்டிமீட்டரே பாதி வேலையை முடித்துவிடும். பெரும்பாலும் ஒன்று, ஒன்றரை கிலோ ஓம் காட்டும். கையால் சக்கரத்தைச் சுற்றினால் ஏசி வோல்ட் ஏறும். ஆனால் வண்டியை நேராக நிறுத்தி ஓம் பார்த்து, சரியாக இருக்கிறது என்று எழுதிவிடக் கூடாது. முன்சக்கரத்து வயர் ஸ்டியரிங்கோடு சேர்ந்து மடங்கி மடங்கி, மேலுறை முழுசாக இருக்க, உள்ளே அறுந்திருக்கும். ஸ்டியரிங்கை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குத் திருப்பும்போது மீட்டரைப் பார்க்க வேண்டும். வெள்ளத்தில் நின்ற வண்டியென்றால் முதல் சந்தேகம் கப்ளர். 2015 டிசம்பரில் சென்னையைச் சுற்றி முழுகிய கார்களில் செம்பு பச்சை பூத்து, அந்தப் பச்சை வயருக்குள்ளும் ஏறியிருக்கும். புதிய வகைச் சென்சாரோ மின்சாரம் கொடுத்தால்தான் வேலை செய்யும். 7 மில்லி ஆம்பியருக்கும் 14க்கும் இடையே மாறி மாறிப் பேசும். அதில் ஓம் பார்ப்பவன் எதையும் கண்டுபிடிக்கப் போவதில்லை. அந்த வண்டிகள் பலவற்றில் பேரிங் சீலிலேயே காந்தப் பட்டை இருக்கும். பேரிங்கை மாற்றியவர் அதைத் திருப்பிப் போட்டு அடித்துவிட்டால் எத்தனை சென்சார் மாற்றினாலும் லைட் அணையாது.

எல்லாவற்றிலும் பொல்லாதது விரிசல் விட்ட ரிங். டிரைவ் ஷாஃப்டில் இறுக்கி ஏற்றிய ரிங்குக்கு அடியில் துரு பிடித்து உப்பும். உப்பிய துரு ரிங்கை ஓரிடத்தில் விரிசல் விட வைக்கும். விரிசல் விழுந்த இடத்தில் மட்டும் பல்லுக்கும் பல்லுக்கும் இடைவெளி கூடிவிடும். வேகமாக ஓடும்போது காயிலில் வோல்ட் தாராளமாக வருவதால் பல வண்டிகளில் கம்ப்யூட்டர் இதைப் பொறுத்துக்கொள்ளும். சிக்னலில் நிற்கப் போகும் கடைசி சில மீட்டரில், வோல்ட் ஏற்கெனவே சிறுத்திருக்கும் நேரத்தில், அந்த ஓரிடம் வந்ததும் சக்கரம் பூட்டிக்கொண்டது என்று கம்ப்யூட்டர் நினைத்து பிரேக்கை விட்டுவிடும். பெடல் காலடியில் கடகடவென்று உதைக்கும், வண்டி ஒரு முழம் தள்ளிப் போய் நிற்கும். லைட் எரியாது, கோடும் இருக்காது. கோடை நம்பி வளர்ந்தவன் இங்கே கையறு நிலைக்கு வருகிறான். மாஸ்டர் சிலிண்டரை மாற்றுவான், பிறகு ஏபிஎஸ் யூனிட்டுக்கே விலை சொல்லுவான். ஸ்கேனரின் லைவ் டேட்டாவில் தெரியாதா என்று கேட்பார்கள். சில சமயம் தெரியும். ஆனால் பல ஸ்கேனர்கள் நொடிக்கு ஒருசில முறைதான் எண்ணைப் புதுப்பிக்கின்றன. ஒரு பல் கடந்து போவதை அவை தவறவிடும். ஆசிலாஸ்கோப்பில் சுற்றுக்கு ஒருமுறை அலை தவறுவது பளிச்சென்று தெரியும். அது இல்லாத ஷெட்டில் ஜாக்கி போட்டு, டார்ச் அடித்து, சக்கரத்தை மெல்லச் சுற்றி ஒவ்வொரு பல்லாக நகத்தால் தடவிப் பார்க்க வேண்டியதுதான்.

புது சென்சார் போட்டால் நேரம் மிச்சம், ஷிப்டுக்குப் போகிற வண்டி நிற்கக் கூடாது என்பது அடுத்த வாதம். நேரத்தின் அருமை எனக்குத் தெரியும். ஆனால் சென்சார் உட்காரும் இரும்பில் துரு ஏறி அதைத் தூக்கிவிட்டிருந்தால் புதியதும் அதே உயரத்தில்தான் உட்காரும். இடைவெளி மில்லிமீட்டரில் ஒரு பங்கு கூடினாலே காயிலின் வோல்ட் சரியும். உப்புத்தாளால் அந்த இடத்தைத் தேய்த்து, தூள் ரிங்கில் விழாமல் துடைத்து, சென்சார் நுனியில் காந்தத்தோடு ஒட்டிய இரும்புப் பொடியை நீக்கிப் போட்டால் பழைய சென்சாரே ஓடும். கம்பெனிகளுக்கு ஆள் ஏற்றும் ஏர் பிரேக் பஸ்களில் இன்னும் எளிது. சென்சார் ஸ்பிரிங் புஷ்ஷில் பிடிப்பாக நிற்கிறது; பேரிங்குக்கு கிரீஸ் வைத்த பிறகு அதை ரிங்கைத் தொடும்வரை கையால் தள்ளிவிட வேண்டும். சக்கரம் சுற்றும்போது தேவையான இடைவெளியை அதுவே எடுத்துக்கொள்ளும். இதைச் செய்யாமல் விட்டுவிட்டு, சென்சார் போச்சு என்று எழுதும் ஜாப் கார்டுகளைப் பார்த்தால் வயிறு எரிகிறது.

ஏபிஎஸ் இல்லாமல் அந்தக் காலத்தில் ஓட்டவில்லையா என்று பல்பைப் பிடுங்கி விற்பவர்களும் உண்டு. அந்தக் கால வண்டியில் பின்சக்கரத்துக்குப் போகும் அழுத்தத்தைக் குறைக்க வால்வு இருந்தது. பிறகு வந்த பல கார்களில் அந்த வால்வே கிடையாது. அந்த வேலையையும் ஏபிஎஸ் யூனிட்தான் பார்க்கிறது. இரண்டு சென்சார் போனால் பல வண்டிகளில் அதுவும் நின்றுவிடும். அப்போது மழையில் ஒரகடம் சாலையில் ஓங்கி பிரேக் அடித்தால் பின்சக்கரம் முதலில் பூட்டி வண்டி திரும்பிக்கொள்ளும்.

2019 ஏப்ரலிலிருந்து எல்லாப் புதிய கார்களுக்கும் ஏபிஎஸ் கட்டாயம். அவை இப்போது வாரண்டி முடிந்து சாலையோர ஷெட்டுகளுக்கு வரத் தொடங்கிவிட்டன. மறைமலைநகரில் ஃபோர்டு உற்பத்தியை நிறுத்திய பிறகும் அங்கே செய்த கார்கள் ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன. பையன்களுக்குப் பொறுமை இல்லை என்று அவர்களை மட்டும் குற்றம் சொல்ல மாட்டேன். மாற்றிய சென்சாருக்கு பில்லில் ஒரு வரி உண்டு. தேடிய இரண்டு மணி நேரத்துக்கு வரி கிடையாது. சென்சாரை மாற்றாமல் துருவைத் தேய்த்துக் கொடுத்தவனிடம், இதற்கா இவ்வளவு கூலி என்று கேட்கும் வாடிக்கையாளரும், பார்ட் விற்பனையை வைத்தே ஆளை எடைபோடும் வொர்க்ஷாப்பும் சேர்ந்துதான் அவனைப் பார்ட் மாற்றுபவனாக்கினார்கள். எஸ்டிமேட் போடும்போதே சோதனைக் கூலி என்று ஒரு வரியை எழுதி, பார்ட் மாற்றினாலும் மாற்றாவிட்டாலும் அதை வாங்க வேண்டும்.