ஆல்-சீசன் டயரும் அக்காவின் ஆறு மணி ஷிப்டும்

"ஆல்-சீசன் டயர்" என்று ஒரு பெயர். எல்லாப் பருவத்துக்கும் ஏற்றது என்று அர்த்தம். கல்யாண சமையல்காரர் "எல்லாருக்கும் பிடிக்கிற மாதிரி செஞ்சிடலாம் சார்" என்று சொல்வாரே, கிட்டத்தட்ட அந்த மாதிரி வாக்குறுதி. யாருக்கும் பெரிய குறை இருக்காது, ஆனால் காரம் வேண்டும் என்பவனுக்குக் காரம் போதாது. இந்தப் பெயரை நம்பலாமா, எவ்வளவு தூரம் நம்பலாம் என்று இரண்டு வாரமாக மண்டையை உடைத்துக்கொண்டிருந்தேன். தேர்வுக்கு இவ்வளவு படித்திருந்தால் உருப்பட்டிருப்பேன் :-)

முதலில் ஊரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். நான் இருப்பது நியூயார்க் மாநிலத்தில் உள்ள சிரக்யூஸ். நியூயார்க் என்றதும் வானளாவிய கட்டடங்களை நினைக்க வேண்டாம். அந்த நகரத்துக்கு இங்கிருந்து காரில் நான்கு மணி நேரத்துக்கு மேல் ஆகும். எங்கள் ஊருக்குப் பக்கத்தில் இருப்பது ஒண்டாரியோ ஏரி. குளிர்காலத்தில் வடக்கிலிருந்து வரும் காற்று ஏரியின் ஈரத்தை உறிஞ்சிக்கொண்டு வந்து எங்கள் தலையில் பனியாகக் கொட்டிவிட்டுப் போகும். ஒரு பருவத்துக்குச் சராசரியாக 120 அங்குலத்துக்கு மேல். அதாவது 10 அடி!

அக்கா, மாமா, நான் மூன்று பேருக்கும் சேர்த்து இருப்பது ஒரே வண்டி. 2015 ஹோண்டா சிஆர்-வி, ஆல்-வீல் டிரைவ். அக்காவுக்கு ஆஸ்பத்திரி லேபில் வேலை, காலை ஆறு மணி ஷிப்ட். ஐந்தேகாலுக்குக் கிளம்பியாக வேண்டும். அந்த நேரத்துக்குப் பனி தள்ளும் லாரி எங்கள் தெருவுக்கு வந்திருந்தால் அதிர்ஷ்டம். செப்டம்பரில் வருடாந்தர இன்ஸ்பெக்‌ஷனுக்கு வண்டியை விட்டபோது மெக்கானிக் டயரை அளந்து பார்த்துவிட்டு, "3/32 அங்குலம்தான் பட்டன் மிச்சம். சட்டப்படி 2/32 இருந்தால் போதும், பாஸ்தான். ஆனால் இதோடு பனிக்காலத்துக்குள் போகாதே" என்றார். புது டயரில் அது 10/32 அல்லது 11/32 இருக்கும்.

மாமாவின் தீர்ப்பு உடனே வந்தது. "நாலு சக்கரத்துக்கும் டிரைவ் இருக்குல்ல மாப்ளே, அப்புறம் என்ன? இருக்கிறதுலயே சீப்பா நாலு போட்டுரு."

அக்கா மட்டும் ஒன்று சொன்னாள். "எனக்கு மேடு ஏறுறது பிரச்சினை இல்லடா. ஆஸ்பத்திரிக்கு முன்னாடி ஒரு இறக்கம் வருதுல்ல, அது முடியிற எடத்துல சிக்னல். அங்க நிக்கணும். அதான் எனக்குப் பயம்."

இந்த இரண்டு வாக்கியங்களுக்கும் நடுவில்தான் முழு விஷயமும் இருக்கிறது. மாமா கிளம்புவதைப் பற்றிப் பேசுகிறார். அக்கா நிற்பதைப் பற்றிப் பேசுகிறாள்.

ப்ளஸ் டூ பிசிக்ஸை ஒரு நிமிஷம் நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். பிரேக் போட்டபின் வண்டி ஓடும் தூரம் = வேகத்தின் வர்க்கம் ÷ (2 × உராய்வுக் கெழு × புவியீர்ப்பு முடுக்கம்). இதில் வண்டியின் எடை கிடையாது. எத்தனை சக்கரத்துக்கு இன்ஜின் சக்தி போகிறது என்பதும் கிடையாது. பிரேக் எல்லாக் காரிலும் நான்கு சக்கரத்திலும்தான் இருக்கிறது. ஆல்-வீல் டிரைவ் நகர்வதற்கு உதவும். நிற்பதற்கு அது ஒரு துரும்பையும் கிள்ளிப் போடாது. நிறுத்துவது டயரும் தரையும் மட்டும்.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். மணிக்கு 30 மைல், அதாவது விநாடிக்குச் சுமார் 13.4 மீட்டர். காய்ந்த சாலையில் உராய்வு 0.8 என்று வைத்தால் 11 அல்லது 12 மீட்டரில் நின்றுவிடும். அழுந்திய பனியில் உராய்வு 0.3 என்றால் 31 மீட்டர். அதுவே 0.2 என்றால் 46 மீட்டர். தசமப் புள்ளிக்குப் பக்கத்தில் ஒரே ஒரு எண்தான் மாறியது. 15 மீட்டர் கூடிவிட்டது! மூன்று சிஆர்-வி வரிசையாக நிற்கும் நீளம். சிக்னலுக்கு முன்னால் நிற்கிறோமா, குறுக்குத் தெருவின் நடுவில் நிற்கிறோமா என்பதை அந்த 0.1 முடிவு செய்கிறது. இன்னொரு கெட்ட செய்தி, நன்றாகக் கிளம்புகிற வண்டி ஓட்டுபவரை ஏமாற்றும். "பிடிப்பு நல்லா இருக்கே" என்று வேகம் கூடும். உண்மை தெரிவது பிரேக்கை மிதிக்கும்போதுதான்.

சரி, டயருக்கு வருவோம். ஆல்-சீசன் ஒன்றும் ஆதிகாலத்து விஷயம் இல்லை. குட்இயர் நிறுவனம் 1977-இல் டியம்போ என்ற டயரைக் கொண்டுவந்த பிறகுதான் இந்த வகை அமெரிக்காவில் பரவியது. அதற்கு முன் பனிக்காலம் வந்தால் தனி டயர் மாட்டுவார்கள். வருடத்துக்கு இரண்டு முறை மாற்றும் தொல்லை இல்லை என்பதால் ஜனங்கள் இதைப் பிடித்துக்கொண்டார்கள்.

சிக்கல் ரப்பரில் இருக்கிறது. தேங்காய் எண்ணெய் மார்கழியில் உறைந்துபோவதை வீட்டில் பார்த்திருப்பீர்கள். ரப்பர் அப்படி உறையாவிட்டாலும் குளிரில் விறைக்கும். சாதாரண ஆல்-சீசன் ரப்பர் 7 டிகிரி செல்சியஸுக்குக் கீழே போகப் போக நெகிழ்வை இழக்கிறது. நெகிழ்வு போனால் சாலையின் மேடுபள்ளத்தைக் கவ்வாது. பனிக்கென்றே செய்த ரப்பர் குளிரிலும் மெத்தென்று இருக்கும். ஆனால் ஜூலை வெயிலில் சீக்கிரம் தேய்ந்துவிடும். எல்லாப் பருவத்துக்கும் ஒரே ரப்பர் என்றால் எங்காவது சமரசம் செய்தே ஆகவேண்டும்.

சமரசம் எங்கே என்று டயரின் பக்கச் சுவரே சொல்லிவிடும். அங்கே இரண்டு குறிகளைத் தேடுங்கள். ஒன்று "எம்+எஸ்". மண், பனி என்பதன் சுருக்கம். இது பட்டன்களுக்கு நடுவே எவ்வளவு இடைவெளி என்ற வடிவத்தை வைத்துப் போடுவது. இந்தக் குறியைப் போட டயரைப் பனியில் ஓட்டிப் பார்க்க வேண்டிய கட்டாயமே இல்லை! இன்னொன்று மூன்று சிகரம் கொண்ட மலை, அதற்குள் ஒரு பனித்துகள். இதற்குச் சோதனை உண்டு. அழுந்திய பனியில் ஒப்பீட்டு டயரைவிடக் குறைந்தது 10 சதவீதம் அதிகப் பிடிப்பு காட்ட வேண்டும்.

ஆனால் இதிலும் ஒரு கொக்கி. அமெரிக்காவில் வழக்கமாகச் செய்யும் அந்தச் சோதனை, வண்டி வேகமெடுக்கும்போது கிடைக்கும் பிடிப்பைத்தான் அளக்கிறது. மாமா மாதிரியே, கிளம்புவதைப் பற்றி! நிற்பதையோ ஐஸையோ அல்ல. அதனால் மலைக்குறி இருந்தால் மட்டும் போதாது. கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ், டயர் ராக் போன்றவர்கள் பனியிலும் ஐஸிலும் பிரேக் போட்டுப் பார்த்துத் தரும் முடிவுகளையும் பார்க்க வேண்டும். எங்கள் ஊருக்கு வடக்கே, எல்லை தாண்டி இருக்கும் கியூபெக்கில் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை பனிக்கால டயர் சட்டப்படி கட்டாயம். எம்+எஸ் மட்டும் உள்ள ஆல்-சீசன் அங்கே செல்லாது. மலைக்குறி இருந்தால் செல்லும்.

அடுத்தது சைஸ். எங்கள் வண்டிக்கு 225/65 ஆர் 17. அகலம் 225 மில்லிமீட்டர், பக்கச் சுவரின் உயரம் அதில் 65 சதவீதம், ஆர் என்றால் ரேடியல், ரிம் 17 அங்குலம். கூடவே 102 என்று இருந்தால் ஒரு டயர் 850 கிலோ தாங்கும். அதற்குப் பின்னால் டி என்றால் உச்ச வேகம் மணிக்கு 190 கிலோமீட்டர், எச் என்றால் 210. டிரைவர் கதவைத் திறந்தால் தெரியும் ஸ்டிக்கரில் உள்ளதைவிட எடை எண் குறையக் கூடாது. டாட் எண்ணின் கடைசி நான்கு இலக்கம் டயரின் ஜாதகம். 3524 என்றால் 2024-ஆம் ஆண்டின் 35-ஆவது வாரத்தில் பிறந்தது. ஆஃபர் விலையில் கிடைக்கும் டயருக்கு ஜாதகம் பார்ப்பது ரொம்ப முக்கியம்.

எங்கள் முன்னால் மூன்று வழிகள் இருந்தன. விலைகள் எங்களுக்குச் சொன்னவை, மாட்டுக்கூலியோடு.

முதல் வழி, மாமாவின் மலிவு ஆல்-சீசன். நான்குக்கும் சேர்த்து 420 டாலர், 40,000 மைல் வாரண்டி, எம்+எஸ் மட்டும்.

இரண்டாவது, மலைக்குறி உள்ள "ஆல்-வெதர்" வகை. மிஷலின் கிராஸ்கிளைமேட் 2, நோக்கியன் ரெமெடி டபிள்யூஆர்ஜி5, குட்இயர் வெதர்ரெடி எல்லாம் இந்தக் கூட்டம். வருடம் முழுக்க ஓட்டலாம். 830 டாலர், 60,000 மைல் வாரண்டி.

மூன்றாவது, கோடைக்கு ஒரு செட், பனிக்கு ஒரு செட். ஐஸில் நிற்பதற்கு இதுதான் சிறந்தது, சந்தேகமே இல்லை. ஆனால் தனி ரிம்மோடு சேர்த்து இன்னொரு 1,000 டாலர். தவிர, நாங்கள் இருப்பது இரண்டாம் மாடி வாடகை வீடு. நான்கு டயரை ஹாலில் அடுக்கினால் அக்கா என்னை வெளியே அடுக்கிவிடுவாள்.

இரண்டு டயர் மட்டும் மாற்றிச் சமாளிக்கலாமா என்று மாமா கேட்டார். ஆல்-வீல் டிரைவில் அது சரிவராது. தேய்ந்த டயரின் சுற்றளவு குறைவு. அதனால் அது வேகமாகச் சுற்றும். முன்னுக்கும் பின்னுக்கும் அந்த வித்தியாசம் ஓயாமல் இருந்தால் நடுவில் உள்ள கியர் அமைப்பு அடி வாங்கும். அதனால் நான்கும் ஒன்றாக, ஒரே மாடலாக மாற்றுவதே பாதுகாப்பு.

மைல் வாரண்டியைப் பார்த்தும் மயங்க வேண்டாம். சொன்ன மைலுக்கு முன் தேய்ந்தால் பணம் கையில் வராது. ஓடாத மைலுக்கான தொகையை அடுத்த டயர் விலையில் கழிப்பார்கள். அதற்கும் டயர்களை இடம் மாற்றிப் போட்ட ரசீதுகளைக் காட்ட வேண்டும். மேலும் எங்கள் ஊரில் பனிக்காலத்துக்கு முன் 5/32-க்குக் கீழே போன டயரை வைத்திருப்பதில் அர்த்தமில்லை. வாரண்டி மைல் முழுவதும் ஓட்டப்போவதும் இல்லை.

கடைசியில் மாமாவிடம் நான் வைத்த கணக்கு இதுதான். முதல் வழிக்கும் இரண்டாவதுக்கும் வித்தியாசம் 410 டாலர். ஐந்து பனிக்காலம் ஓடினால் பனிக்காலத்துக்கு 82 டாலர். நம் இன்ஷூரன்ஸில் ஒரு இடி இடித்தால் முதல் 500 டாலர் நம் கையிலிருந்து போகும். ஒரே ஒரு இடியைத் தவிர்த்தாலே கணக்கு சரியாகிவிடும். அந்தச் சிக்னலில் குறுக்கே வருவது யார் என்பதை நான் கணக்கில் சேர்க்கவே இல்லை.

மாமா கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "சரி, ரெண்டாவதையே போடு. ஆனா ஐஸ் மழைன்னு சொல்ற அன்னிக்கு அவ வண்டி எடுக்கக் கூடாது, ஷிப்ட மாத்திக்கணும்" என்றார். அதுவும் சரிதான். எந்த டயரும் ஐஸை ஜெயிப்பதில்லை, கொஞ்சம் பேரம் பேசும், அவ்வளவுதான்.

டயர் மாட்டியாகிவிட்டது. இனி செய்ய வேண்டியது இரண்டு. வெப்பநிலை 10 டிகிரி ஃபாரன்ஹீட் குறைந்தால் காற்று ஏறத்தாழ 1 பிஎஸ்ஐ குறையும். அதனால் மாதம் ஒருமுறை காற்றுப் பார்க்க வேண்டும். பக்கச் சுவரில் இருப்பது அதிகபட்ச அளவு. நமக்கு வேண்டியது கதவு ஸ்டிக்கரில் உள்ள அளவு. இரண்டாவது, ஒரு குவார்ட்டர் நாணயத்தைத் தலைகீழாகப் பட்டன்களுக்கு நடுவே விட்டுப் பாருங்கள். வாஷிங்டன் தாத்தாவின் உச்சந்தலை முழுசாகத் தெரிந்தால் 4/32-க்கும் குறைவு. சட்டம் இன்னும் ஓட்டலாம் என்று சொல்லும். சட்டம் அந்த இறக்கத்தில் வண்டி ஓட்டியதில்லை.